சிங்கப்பூர் – நியூயார்க்: ஒரு மணி நேரம் எங்கே இடிக்கிறது?

கேள்வி:
சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு நேர் விமானம், 2026. நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம்.
போக: அக்டோபர் 20 இரவு 11.55 – 21 காலை 6.00
வர: நவம்பர் 10 இரவு 10.30 – 12 காலை 6.20
12 மணி வித்தியாசம் வைத்து எக்செலில் போட்டால் போக 18 மணி 5 நிமிடம், வர 19 மணி 50 நிமிடம். டிக்கெட்டிலோ வர 18.50 என்றுதான் இருக்கிறது. தூரம் 15,349 கி.மீ., மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 17 மணி நேரம்தான். எது சரி? நியூயார்க்கில் இறங்கிய அன்றே காலை 8.00 மணிக்கு, தனி டிக்கெட்டில் உள்ளூர் விமானம் பிடிக்க முடியுமா?

பதில் 1:
டிக்கெட்தான் சரி. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்த வருஷம் அது 1ஆம் தேதி. சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே போக 12, வர 13.
வித்தியாசத்தைக் கையால் போடவே வேண்டாம், இரண்டு முனையையும் யூ.டி.சி.க்கு (உலகப் பொது நேரம்) மாற்றுங்கள். சிங்கப்பூர் நேரத்தில் 8 கழிக்க வேண்டும். நியூயார்க் நேரத்தோடு அக்டோபரில் 4, நவம்பர் 10இல் 5 கூட்ட வேண்டும். வரும் பயணம்: 11ஆம் தேதி 03.30 முதல் அதே நாள் 22.20 வரை. 18.50 வந்துவிட்டதா? எக்செலில் தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் நள்ளிரவைத் தாண்டும்போது உதைக்கும்.

பதில் 2:
அந்த 17ஐ மறந்துவிடுங்கள். 15,349 என்பது பூமி உருண்டைமேல் நூல் பிடித்த தூரம். அந்த நூல் வட துருவத்துக்குச் சுமார் 280 கி.மீ. பக்கத்தில் போகும்! விமானம் அப்படியே போகாது. போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழி, மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும். சுற்றி 16,500 கி.மீ. பறந்தாலும் தரைவேகம் (தரையை வைத்துப் பார்க்கும் வேகம்) மணிக்கு 1,000 கி.மீ. கிடைத்தால் பதினாறரை மணி நேரம்தான். நேர்வழியில் 900இல் போவதைவிடச் சீக்கிரம். டிக்கெட் நேரம் கேட்டிலிருந்து (விமானத்தில் ஏறி இறங்கும் வாசல்) கேட் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கி ஊர்வது எல்லாம் அதற்குள் அடக்கம்.

கேட்டவர்:
13 போட்டதும் நிமிடம் பிசகாமல் சரியாகிவிட்டது, நன்றி. 8.00 மணி விமானம்?

பதில் 1:
போடாதீர்கள். 6.00 என்பது கேட்டுக்கு வரும் நேரம். அதற்குப் பிறகு குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது, சுங்கம். பெட்டியை நீங்களே மறுபடி ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனைக்கும் புதிதாக நிற்க வேண்டும். உள்ளூர் விமானத்துக்குப் பெட்டி வாங்குவது 45 நிமிடம் முன்பே நிற்கும் என்று வைத்தால், 7.15க்குள் எல்லாம் முடிய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் காசு போனதுதான். 10.30க்குப் பிறகு பாருங்கள், இல்லையேல் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.