கிரெடிட் வந்தது, கட்டம் நிரம்பவில்லை: அமெரிக்கக் கல்லூரிகளின் ஜென்-எட் பற்றி

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர்களுக்காகவும், தனியாகப் படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கச் சேர்ந்த என் மகளின் முதல் செமஸ்டர் பாடப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து பாடங்களில் கம்ப்யூட்டர் பாடம் ஒன்றே ஒன்று. மற்றவை கால்குலஸ், ஆங்கிலக் கட்டுரை, மேடைப் பேச்சு, இன ஆய்வுகள். இதற்கா இவ்வளவு பணம் கட்டுகிறோம் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். இப்போது அவள் மூன்றாம் ஆண்டு. அந்தக் கேள்வியை இன்று கேட்க மாட்டேன். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு.

நம்மில் பலர் பொறியியல் என்று சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே பொறியியல் படித்து வளர்ந்தவர்கள். இங்கே எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) எடுத்தாலும் எழுத்து, கணிதம், அறிவியல், கலை, வரலாறு, சமூக அறிவியல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கை நனைத்தாக வேண்டும். இதுதான் ஜெனரல் எஜுகேஷன். பேச்சு வழக்கில் ஜென்-எட் அல்லது ஜி.இ., சில இடங்களில் கோர். பாடங்களின் அளவை இங்கே கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள். இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 செமஸ்டர் கிரெடிட் வேண்டும். செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள் கொண்ட குவார்ட்டர் முறைக் கல்லூரியானால் 180. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜென்-எட்டுக்கே போய்விடும். அதாவது ஓர் ஆண்டுக்கும் மேலான படிப்பு. இவ்வளவு பெரிய பகுதியைத் திட்டமில்லாமல் விட்டால் பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளிப் போவது சர்வசாதாரணம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதலாண்டு முடிந்த கோடை விடுமுறையில், வேறு மாநிலக் கம்யூனிட்டி காலேஜ் (ஈராண்டுக் கல்லூரி) ஒன்றில் ஆன்லைனில் வானியல் பாடம் எடுத்தாள். கட்டணம் குறைவு, பாடமும் அவளுக்குப் பிடித்தது, மதிப்பெண் ஏ. ஜென்-எட்டில் ஓர் அறிவியல் பாடம் பாக்கி இருந்தது, அது முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். செப்டம்பரில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து டிகிரி ஆடிட் பக்கத்தைத் திறந்தோம். பட்டத்துக்கான தேவைகளில் எவை முடிந்தன, எவை பாக்கி என்று கட்டம் கட்டமாகக் காட்டும் கல்லூரிப் பக்கம் அது. முடிந்தவை எல்லாம் பச்சைக் கட்டம். அறிவியலில் மட்டும் ஒரு கட்டம் சிவப்பாகவே இருந்தது. வானியல் பாடம் எங்கே என்று தேடிக்கொண்டே பக்கத்தின் அடிக்குப் போனால், "பொது விருப்பப் பாடம், 3 கிரெடிட்" என்று தனியாக உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். அவளுடைய மேஜரில் இருக்கும் இயற்பியல் பாடமே ஜென்-எட்டின் இயற்பியல் அறிவியல் கட்டத்தை நிரப்பிவிடும். பாக்கி இருந்தது உயிரியல். வானியல் சேருவது இயற்பியல் அறிவியல் பக்கம். கிரெடிட் முறையாக மாறி வந்தது, ஆனால் அவளுக்குத் தேவையான கட்டத்தில் விழவில்லை. அவளுடைய மேஜரில் விருப்பப் பாடத்துக்கு இடமும் அதிகம் கிடையாது. ஒரு கோடை முழுவதும் உழைத்த பாடம் பட்டத்தை ஒரு நாள்கூட முன்னே கொண்டுவரவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்தபோது, எடுப்பதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ஆகவே வேறு கல்லூரியில் பாடம் எடுக்கும் முன் அட்வைசரிடம் (பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கல்லூரி ஆலோசகர்) இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். இந்த கிரெடிட் மாறி வருமா? வந்தால் எந்தக் கட்டத்தை நிரப்பும்? முதல் கேள்விக்கு "வரும்" என்று சொன்னதும் பலர் திருப்தியாகி எழுந்து வந்துவிடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஜென்-எட் பட்டியலைக் கையில் எடுத்ததும் முதலில் மேஜர் பாடங்களே எந்தெந்தக் கட்டங்களை நிரப்புகின்றன என்று பார்த்து அவற்றைக் கோடிட்டு அடித்துவிடுங்கள். பொறியியல் மாணவருக்கு கால்குலஸ் கணிதக் கட்டத்தை முடித்துவிடும். உளவியல் மாணவருக்குப் பல இடங்களில் புள்ளியியல் அதே வேலையைச் செய்யும். ஒரே பாடம் இரண்டு ஜென்-எட் தேவைகளைத் தீர்ப்பதும் உண்டு, அதற்கு அனுமதி உண்டா என்பது அந்தந்தக் கல்லூரியின் விதி. சேர்ந்த ஆண்டின் கேட்டலாக் (கல்லூரியின் பாட, விதித் தொகுப்பு) எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக அந்த ஆண்டின் விதிதான் உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும். மூத்த மாணவர் ஒருவர் "எனக்கு இது போதுமானதாக இருந்தது" என்று சொன்னால், அவர் வேறு கேட்டலாக்கில் சேர்ந்தவராக இருக்கலாம்.

மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜிலிருந்து அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மாறுகிறவர்களுக்கு 2025 இலையுதிர் பருவம் முதல் கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல் வந்திருக்கிறது. 11 பாடங்கள், 34 செமஸ்டர் யூனிட் (அங்கே கிரெடிட்டை யூனிட் என்பார்கள்). இதற்கு முன் யூசி, கலிஃபோர்னியா ஸ்டேட் என்ற இரு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கு மாறுகிறவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்கள் இருந்தன. பழைய பட்டியல்களில் ஒன்றின் பெயரான ஐகெட்சி இன்னும் பலர் வாயில் புழங்குகிறது, குழம்பாதீர்கள். எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று பார்க்க அசிஸ்ட் என்ற இலவச இணையதளம் இருக்கிறது. ஆனால் பொறியியல் போன்ற கனமான மேஜருக்கு மாற நினைப்பவர்கள் ஜென்-எட் முழுவதையும் முடித்துவிட்டு வருவதைவிட, மேஜருக்கான கணிதம், இயற்பியலை முடித்து வருவதுதான் பெரும்பாலும் முக்கியம். அட்வைசரிடம் இதையும் கேளுங்கள்.

டெக்சஸில் அரசுக் கல்லூரிகளின் கோர் 42 கிரெடிட். அதில் அமெரிக்க வரலாறு 6, அரசாங்கம் பற்றியது 6. பள்ளியிலேயே ஏபி (கல்லூரி நிலைப் பாடத் தேர்வு) அமெரிக்க அரசாங்கத் தேர்வு எழுதியவர்கள் கவனியுங்கள், டெக்சஸ் அரசமைப்பு அதில் வராததால் வழக்கமாகப் பாதிதான் தீரும், இன்னொரு பாடம் எடுத்தாக வேண்டும். நியூயார்க் நகரின் க்யூனி (நகரப் பல்கலைக்கழகம்) கல்லூரிகளில் 30 கிரெடிட் பொதுப்பகுதி, அதோடு நான்காண்டுக் கல்லூரிகளில் 12 வரை அவர்களுடைய சொந்தப் பட்டியல். தனியார் பல்கலைக்கழகங்கள் அவரவர் வழி. கொலம்பியாவில் 1919 முதல் எல்லோரும் ஒரே நூல்களைப் படிக்கும் மரபு தொடர்கிறது. பிரவுனில் 1969-க்குப் பிறகு இப்படிக் கட்டாயப் பட்டியலே கிடையாது. விண்ணப்பிக்கும்போதே இதைப் பார்த்து வைப்பது நல்லது.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். இளநிலையில் பொதுவாக ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். அந்த முழுநேரக் கணக்கில் ஆன்லைன் பாடம் ஒன்று, அதாவது 3 கிரெடிட் மட்டுமே சேரும். ஜென்-எட் பாடங்கள்தான் ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கும் என்பதால் பலர் இதில் சிக்குகிறார்கள். கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் பாக்கி என்றால் அது ஆன்லைன் பாடமாக இருக்க முடியாது. "கடைசியில் ஏதாவது ஓர் ஆன்லைன் ஜென்-எட் எடுத்துக்கொள்ளலாம்" என்று தள்ளி வைக்காதீர்கள். பாடத்தைக் கைவிடும் முன்பும் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சரி, எதை முதலில் எடுப்பது? என் கருத்தில் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தை முதல் ஆண்டிலேயே முடித்துவிட வேண்டும். மற்ற எல்லாப் பாடத்திலும் கட்டுரை கேட்பார்கள். மேற்கோள் எப்படிக் காட்டுவது, அடுத்தவர் கருத்தை எப்படிச் சொந்த நடையில் சொல்வது என்று இந்தப் பாடத்தில்தான் கையைப் பிடித்துச் சொல்லித் தருவார்கள். புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதினால் மதிப்பெண் என்று பழகிய பிள்ளைகளுக்கு இங்கே அதே பழக்கம் நேர்மைக் குற்றச்சாட்டாக மாறிவிடும். ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பதும் பாடத்துக்குப் பாடம் வேறு, சிலபஸில் எழுதியிருப்பார்கள். எழுத்துக்கு உதவும் ரைட்டிங் சென்டரும், பேராசிரியரை நேரில் சந்திக்கும் ஆபீஸ் அவர்ஸும் கட்டணத்துக்குள் அடக்கம். தயங்காமல் போகச் சொல்லுங்கள்.

கால்குலஸ், இயற்பியல் இருக்கும் செமஸ்டரில் வாரம் ஒரு கட்டுரை கேட்கும் பாடங்கள் இரண்டைச் சேர்க்காதீர்கள். ஒன்று போதும்.

அப்புறம், அந்த இன ஆய்வுப் பாடம். மகள் முதலில் முணுமுணுத்துக்கொண்டுதான் போனாள். கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் அது 2020-ல் வந்த சட்டத்தால் கட்டாயமான பாடம். ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, "அப்பா, பகத் சிங் திந்த் யார் தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த சீக்கியர். இந்தியர் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமை பெற முடியாது என்று 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில் தீர்ப்பளித்தது. நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965 குடியேற்றச் சட்டம் வந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் பெரும் எண்ணிக்கையில் இங்கே வர வழி பிறந்தது. இத்தனை ஆண்டாக விசாப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருக்கும் எனக்கு, அந்த வழி எப்படித் திறந்தது என்று என் மகள் சொல்லித்தான் தெரிந்தது. அந்த செமஸ்டர் கட்டுரையை அவள் அதைப் பற்றியே எழுதினாள். அச்செடுத்த பிரதி என்னிடம் இருக்கிறது.

மேடைப் பேச்சும் அப்படித்தான். முதல் உரைக்கு முன் இரண்டு நாள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினாள். போன கோடையில் இன்டர்ன்ஷிப் நேர்காணலை அவள் பதற்றமில்லாமல் பேசி முடித்ததற்கு அந்தப் பாடம்தான் காரணம் என்று அவளே சொல்கிறாள்.

தனியே கேட்டிருந்த சிலருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ் தெரிந்தால் அந்நிய மொழித் தேவை தீருமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். சில கல்லூரிகளில் தீரும். தேர்ச்சித் தேர்வை ஏற்கும் கல்லூரியாக இருந்தால் ஸ்டாம்ப் தேர்வு தமிழுக்கும் உண்டு. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், பேச்சுத் தமிழ் மட்டும் போதாது. எந்தத் தேர்வை ஏற்பார்கள் என்று மொழித் துறையில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்தியாவில் ஓராண்டு படித்துவிட்டு மாறி வரும் தம்பிக்கு: உங்கள் மதிப்பெண் பட்டியலுக்குப் பாடவாரி மதிப்பீடு செய்து வாங்குங்கள், மொத்த மதிப்பீடு இதற்கு உதவாது. ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பல்கலைக்கழக முத்திரையோடு இப்போதே வாங்கி வையுங்கள், இங்கிருந்துகொண்டு வாங்குவது பெரும்பாடு. கணிதமும் அறிவியலும் ஒப்பீட்டளவில் எளிதாக ஏற்கப்படும். ஆங்கிலக் கட்டுரையை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும் என்றே வைத்துத் திட்டமிடுங்கள்.

மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளையின் அம்மாவுக்கு: ஏபி மதிப்பெண்ணால் உயிரியல், வேதியியல் கட்டம் நிரம்பினாலும் கொஞ்சம் பொறுங்கள். மருத்துவக் கல்லூரிகள் பல அதை முன்தேவையாக ஏற்பதில்லை, கல்லூரியில் எடுத்த பாடத்தைத்தான் கேட்கும். மதிப்பெண் தரம் இல்லாமல் பாஸ், நோ பாஸ் என்று மட்டும் எடுப்பதையும் அந்தப் பாடங்களில் தவிர்க்கச் சொல்லுங்கள். பிள்ளை விண்ணப்பிக்க நினைக்கும் நான்கைந்து மருத்துவக் கல்லூரிகளின் பக்கங்களைத் திறந்து, டிகிரி ஆடிட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை சேர்ந்து உட்காருங்கள்.