மறு: 'ரெட்ஷர்ட்'டுக்கு தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி டீமோட 2019 அமெரிக்கன் ஃபுட்பால் சீசன் பத்தி கட்டுரை எழுதிட்டிருக்கேன்னு போன வாரம் சொன்னேன்ல, பதினஞ்சு மேட்ச் ஆடி பதினஞ்சும் ஜெயிச்ச சீசன், எழுத எழுத கடகடன்னு ஓடிச்சு, டச்டவுனை (எதிரணி எல்லைக்குள்ள பந்தைச் சேர்த்து எடுக்குற ஸ்கோர்) டச்டவுன்னே விட்டுட்டேன், குவார்ட்டர்பேக்கும் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்) அப்படியே, ஆனா அந்த டீம் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ பேருக்குப் பக்கத்துல 'ரெட்ஷர்ட் சீனியர்'னு (ஒரு வருஷம் மேட்ச் ஆடாம மிச்சம் பிடிச்சு, கடைசி சீசன் ஆடுறவர்) ஒண்ணு இருக்கு பாருங்க, அங்க வந்து வண்டி நின்னுருச்சு. நீங்க சொன்ன தமிழ்ப் பேருங்களுக்கு ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.

> செஞ்சட்டை வீரர்னே போடலாமே, நேரடியா இருக்கு

அண்ணே கோச்சுக்காதீங்க, செஞ்சட்டைன்னா நம்மூர்ல மே தின ஊர்வலம்தான் கண்ணு முன்னாடி வரும். 1937ல நெப்ராஸ்கா டீம்ல வாரன் ஆல்ஃப்சன்னு ஒருத்தர் இந்த வருஷம் ப்ராக்டிஸ் மட்டும் பண்றேன், மேட்ச் வேணாம்னு கேட்டுக்கிட்டு நம்பர் இல்லாத சிவப்பு சட்டையில சுத்துனாராம், அதுலேர்ந்து வந்த பேருன்னு சொல்றாங்க. இப்ப அதுக்கும் சட்டை கலருக்கும் சம்பந்தமே இல்ல. பர்ரோ காலத்துல கணக்கு இதான்: காலேஜ் வீரர் ஒருத்தர் அஞ்சு வருஷ டைம்ல நாலு சீசன் ஆடலாம், ஒரு வருஷம் டீமோடயே இருந்துட்டு மேட்ச்ல இறங்கலன்னா அந்த வருஷம் நாலுல கழியாது. 2018லேர்ந்து நாலு மேட்ச் வரைக்கும் இறங்கினாலும் பரவால்லன்னு விதியை மாத்திட்டாங்க, அதனால அக்கா சொன்ன 'ஆடா ஆண்டு'ம் அடிபட்டுப் போகுது.

> நாற்றங்கால் ஆண்டு

இதை விடவே மனசு வரல. நாத்தை முடி முடியா கட்டி வயலுக்கு சுமந்தவன் நான். பர்ரோவுக்கு அச்சா பொருந்தவும் செய்யுது, 2015ல ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டில சேர்ந்தப்ப அங்க ஏற்கெனவே ரெண்டு குவார்ட்டர்பேக்குக்குள்ள போட்டி, இவரு ஓரமா நின்னாரு, அடுத்த ரெண்டு வருஷமும் பெரும்பாலும் பெஞ்சு, டிகிரி முடிச்ச கையோட 2018ல லூசியானாவுக்கு வந்துட்டாரு, பறிச்சு நட்ட கதைதான். ஆனா மெடிக்கல் ரெட்ஷர்ட்னு ஒண்ணு இருக்கே. மூணு சீசன் ஆடி முடிச்ச ஒருத்தன் ரெண்டாவது மேட்ச்லயே முட்டி போயி உக்காந்துட்டா அவனுக்கும் இதையேதான் குடுக்குறாங்க. கதிர் வச்ச பயிரை திருப்பி நாத்தங்கால்ல கொண்டு போய் வைப்பீங்களா?

> கணக்கில் வராத ஆண்டு

ரொம்ப அகலம். 2020 கொரோனா சீசன்ல ஆடினவங்க யாருக்கும் அந்த வருஷத்தை கழிக்க மாட்டோம்னு என்சிஏஏ (அமெரிக்க காலேஜ் விளையாட்டு அமைப்பு) சொல்லிருச்சு, அதுவும் கணக்குல வராத வருஷம்தான், ஆனா ரெட்ஷர்ட் இல்ல.

அதனால என் ஓட்டு சேமிப்பாண்டு. உண்டியல்ல போட்ட வருஷம். 2015ல போட்டதை 2019ல உடைச்சாரு, அவ்ளோதான் விஷயம். அது இல்லாம இருந்தா 2018ஓட பர்ரோவுக்கு நாலும் முடிஞ்சிருக்கும், அந்த வருஷம் 16 டச்டவுன் பாஸ், சுமாரா ஆடினாருன்னு மறந்திருப்பாங்க. உண்டியல் காசுல வந்தது 60! அலபாமா யுனிவர்சிட்டி டீம்கிட்ட வரிசையா எட்டு தடவை வாங்கிக் கட்டிக்கிட்ட டீமு, அவங்க ஊருக்கே போய் 46-41, ஓக்லஹோமாவுக்கு எதிரா முதல் பாதியிலயே இவரு கையால ஏழு டச்டவுன், கடைசியா 2020 ஜனவரி 13ல ஃபைனல்ல கிளெம்சனை 42-25.

(உபதலைவலி: கடைசி ஹோம் மேட்சுக்கு தன் பேரோட ஸ்பெல்லிங்கை அந்த ஊரு பிரெஞ்சு பாணியில மாத்தி முதுகுல போட்டுட்டு வந்தாரு, ஸ்டேடியமே அலறிச்சு. தமிழ்ல எழுதினா அதுவும் பர்ரோ, இதுவும் பர்ரோ. அந்த வரியை எப்படி எழுதுறதுன்னு யாராச்சும் சொல்லுங்க.)

---

தம்பி, சேமிப்பு + ஆண்டு புணர்ச்சியெல்லாம் சரிதான். போஸ்ட் ஆபீஸ் திட்டம் மாதிரி ஒலிக்குது, இருக்கட்டும், பழகிடும். 'ரெட்ஷர்ட் ஃப்ரெஷ்மேன்' வந்தா என்ன செய்வீங்க? படிப்புல ரெண்டாம் வருஷம், ஆட்டத்துல முதல் வருஷம், 'முதலாண்டு'ன்னு போட்டா படிக்கிறவன் குழம்புவான்.

---

ஐயா, படிப்பு வருஷத்தை தொடவே வேணாம், ஆடுற பருவத்தை மட்டும் எண்ணுவோம். சேமிப்பாண்டு முதற்பருவ வீரர், சேமிப்பாண்டு நான்காம்பருவ வீரர். நீளம்தான், ஆனா ஒரு தடவை விளக்கிட்டா டேபிள்ல சே-1, சே-4ன்னு சுருக்கிடலாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன், யாரும் ஒண்ணும் சொல்லலன்னா ஏத்திடுறேன்.

---

சே-ன்னு போட்டா சே குவேராதான் ஞாபகத்துக்கு வரும். சுத்தி சுத்தி என் செஞ்சட்டைக்கே வந்துட்டீங்களே தம்பி.