பழைய கே-22 ரிவால்வர், வாங்கலாமா?

மஞ்சக்குப்பம்காரன்:
பாண்டில ஒரு பெரியவர் தன்னோட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கே-22 மாஸ்டர்பீஸ (.22 குண்டு ரிவால்வர்) குடுக்குறேங்குறாரு, 6 இன்ச் பேரல், ப்ளூயிங் (மேல இருக்குற நீலக் கருப்புப் பூச்சு) அங்கங்க தேஞ்சிருக்கு ஆனா ட்ரிகர் வெண்ணெய். அலமாரிக்கு மட்டும் இல்ல, ரேஞ்சுலயும் சுடணும். என்ன பாக்கணும்ணா?

வில்லியனூரான்:
ப்ளூயிங்க விடுங்க தம்பி, புதுசா போட்டீங்கன்னா மதிப்புதான் போகும். குண்டு இல்லன்னு பாத்துட்டு ஹேமர (பின்னாடி இருக்குற சுத்தி) மெதுவா இழுங்க, அது முழுசா பின்னால போய் நிக்கிறப்போ (காக்) குண்டு போடுற சிலிண்டர் லாக் ஆகணும், ஆறு சேம்பருக்கும் (குண்டு ஓட்டை). சிலிண்டர் முன்ன பின்ன ஆடுனா விலையக் கொறைங்க. சிலிண்டர வெளிய தள்ளி கிரேன் (சிலிண்டர தாங்குற கை) உள்பக்கம் பாருங்க, மாடல் நம்பர் 17னு குத்தியிருந்தா 1957க்கு அப்புறம் செஞ்சது.

ரேஞ்ச் பாண்டி:
மொதல்ல பேப்பர் பாருங்க ப்ரோ! 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்கப்புறம் சாதா லைசென்ஸ்ல ரெண்டு துப்பாக்கிதான். விக்கிறவரு மாவட்ட மாஜிஸ்ட்ரேட்கிட்டயோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ எழுதிக் குடுத்து 45 நாள் கழிச்சுதான் கைமாத்தணும், அதுக்குள்ள அட்வான்ஸ் கேட்டா நழுவிடுங்க.