ஊழியம் என்றால் மைக் பிடிப்பது மட்டும்தானா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

எல்லாருக்கும் தோத்திரம். கேட்ட நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 8 வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, பிறந்தால் ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்று பொருத்தனை பண்ணிப் பிறந்தவள் நான். அதனால் பாவாடை கட்டிய வயதிலேயே ஊரில் எனக்கு ‘ஊழியக்காரி’ என்றுதான் பேர். ஆனால் பத்துப் பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒருமுறை சகேயு கதை சொல்ல மேடையில் ஏற்றினார்கள், காட்டத்திமரம் வரைக்கும் வந்தேன், அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை, அழுதுகொண்டே இறங்கினேன். பாட்டும் வராது. எனக்கு ஒரு தாலந்தும், அதாவது ஒரு திறமையும், இல்லை, அம்மாவின் பொருத்தனை வீணாகப் போய்விட்டது என்று கல்லூரி முடித்த பிறகும் ராத்திரியில் அழுதிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி, காது கேளாதவள். ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 1895-லேயே காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஊர் இது, ஆகவே கையால் பேசுகிறவர்கள் எங்களுக்குப் புதிதில்லை. அவளோடு விளையாடியே எனக்கும் கைப்பேச்சு வந்துவிட்டது. அதை ஒரு திறமை என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் சபையே சிரித்தது, அவள் என் சேலையை இழுத்து, ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். அப்புறம் ஆராதனை முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தாள், இப்போது ஒரு வரிசையே இருக்கிறது.

யாத்திராகமம் 4-ல் கர்த்தர் மோசேயிடம், உன் கையில் இருப்பது என்ன என்றுதான் கேட்கிறார். அந்த வசனத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், ஆனால் என் கையைப் பார்க்க எனக்கு 23 வயது ஆனது.

இதில் எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா? இயேசுவைக் காட்டுவது சுலபம், நடுவிரலால் இரண்டு உள்ளங்கையையும் மாறி மாறித் தொட்டால் போதும், ஆணித் தழும்பு. ‘கிருபை’யை எப்படிக் காட்டுவது என்று மூன்று வாரம் எங்களுக்குள் சண்டை. கண்களை மூடி ஜெபிப்போம் என்பார்கள், இவர்கள் மூடினால் ஜெபமே போய்விடும். கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையில் லைட்டை எல்லாம் அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அழகாகத்தான் இருந்தது, என் கை மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷம் கேட்டு வாங்கி, எங்கள் வரிசைக்கு மேல் ஒரு டியூப்லைட்டை எரியவிட்டோம்.

ஆம்பூரிலிருந்து:

தங்கச்சி, நான் இங்கே ஷூ கம்பெனியில் 16 வருஷமாகக் கட்டிங்கில் இருக்கிறேன். தோலைத் தடவினாலே எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லிவிடுவேன். அது பிழைப்பு, சபை வேறு என்றே வைத்திருந்தேன். எங்கள் சபைக்கு ஒரு பெரியவர் வருவார், தொழுநோய் வந்து குணமானவர், ஆனால் பாதத்தில் உணர்ச்சி திரும்பவில்லை. ஒரு நாள் செருப்பில் ஏறிய ஆணியோடு ஆராதனை முழுக்க உட்கார்ந்திருந்தார். தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் பால் பிராண்ட் பற்றி அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1914-ல் நம் கொல்லிமலையில் மிஷனரி வீட்டில் பிறந்தவர், டாக்டருக்குப் படிக்கும் முன்னால் இங்கிலாந்தில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, மடங்கிப்போன விரல்கள் மறுபடி நிமிர தசைநாணை மாற்றிவைத்து ஆபரேஷன் பண்ணினார். விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டுத்தான் போகிறது என்று எடுத்துச் சொன்னவரும் அவர்தான். பழைய தச்சு வேலையும் வீணாகவில்லை, நோயாளிகள் பிழைக்க மரவேலை கற்றுக்கொடுத்தார்.

இப்போது சனிக்கிழமை மத்தியானங்களில் அப்படிப்பட்ட பாதங்களுக்குச் செருப்பு செய்கிறேன். ஆணியே கிடையாது, தையலும் பசையும்தான், உள்ளே மெத்தென்று எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பர். பின்பட்டை கட்டாயம் வேண்டும், கழன்றால் அவர்களுக்குத் தெரியாது. கம்பெனி வேலையை விடவில்லை, விடும் எண்ணமும் இல்லை.

சென்னையிலிருந்து:

நான் சாஃப்ட்வேர், கீபோர்டு வாசிப்பேன். தாலந்தைப் புதைக்காதே, வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வா என்று சபையில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், விட்டேன். 18 மாதம். வாடகைக்கு அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. தயவுசெய்து, எஜமான் மூன்று வேலைக்காரர்களிடம் தாலந்து என்ற பணத்தைக் கொடுத்துவிட்டுப் போக, ஒருவன் மட்டும் அதைப் புதைத்துவைத்த அந்த உவமையைச் சொல்லி யாரையும் பயமுறுத்தாதீர்கள். ஒரு தாலந்து என்பது ஒரு கூலிக்காரனுக்கு ஏறக்குறைய 20 வருஷக் கூலி, மத்தேயு 25-ல் கடைசி ஆளை நம்பியும் அவ்வளவு பெரிய தொகையைத்தான் கொடுத்தார் எஜமான், அவன் பயந்துதான் புதைத்தான். நானும் பயந்துதான் வேலையை விட்டேன். இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன், கீபோர்டைத் தொட்டு 6 மாதம் ஆகிறது. என் அழைப்பு எது என்று நிஜமாகவே தெரியவில்லை அக்கா.

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி, என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாள் இதையே வாசித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்காக ஜெபிக்கிறேன். எங்கள் வரிசையில் ஒரு பையன் இருக்கிறான், பாட்டு வந்தால் எழுந்துபோய் ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான், அப்படித்தான் அவன் பாட்டுக் கேட்கிறான். இந்தப் பக்கம் வந்தால் ஒரு ஞாயிறு எங்களோடு வந்து உட்காருங்கள். வாசிக்க வேண்டும் என்றில்லை.

ஆம்பூர் அண்ணே, இங்கே ஒரு பாட்டிக்கு அந்த மாதிரிச் செருப்பு வேண்டும். பேப்பரில் பாதத்தைச் சுற்றி வரைந்து அனுப்பினால் போதுமா, இல்லை உயரமும் எடுக்கவேண்டுமா?