ரீடைரக்டைத் தமிழில் என்னவென்று சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் துறைக்கு ஒரு தளம், விடுதிக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, எப்போதோ நடந்து முடிந்த கருத்தரங்குகளுக்குத் தலைக்கொன்று என்று கிடக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துச் சரக்கு. ஒன்றில் சிவப்பு எழுத்து இன்னும் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றில் பாமினி எழுத்துருவில் அடித்த பக்கங்கள்; இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். இவ்வளவையும் ஒரே வடிவமைப்புக்குக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. துறை அலுவலகங்களுக்கு ஒரு கையேடு தமிழில் எழுதித் தரும் பொறுப்பு என் தலையில்.

டெம்ப்ளேட்டுக்கு 'வார்ப்புரு' இருக்கிறது, விக்கிப்பீடியா புண்ணியத்தில் பழகியும் விட்டது. மைக்ரேஷனுக்கு முதலில் 'தளப்பெயர்ச்சி' என்று போட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "எந்த ராசிக்கு நல்லதாம்?" என்றார். யோசித்தால் அவர் கேலியிலும் இலக்கணம் இருக்கிறது. தளம் தானாகப் பெயரவில்லை, நாம்தான் பெயர்க்கிறோம். மொழிபெயர்ப்பு போலத் 'தளப்பெயர்ப்பு' என்று மாற்றிவிட்டேன்.

மாட்டிக்கொண்டது ரீடைரக்டில், அதாவது பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்கு அனுப்பிவிடும் ஏற்பாட்டில். ஒவ்வொரு துறைக்கும் ஓர் எக்செல் தாள் அனுப்பப்போகிறோம். இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதிய முகவரி. கம்பத்திலும் சிவகங்கையிலும் இருக்கிற தொலைநிலைக் கல்வி மாணவர்கள் பழைய இணைப்பைத்தான் செல்போனில் சேமித்து வைத்திருக்கிறார்கள். அச்சடித்த விண்ணப்பங்களிலும் அதுதான் இருக்கிறது. அதை அழுத்தினால் புதுப் பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தத் தாளுக்கு என்ன தலைப்புக் கொடுப்பது? 'திசைதிருப்பல்' என்றால் வழக்கைத் திசைதிருப்பியது மாதிரி ஒலிக்கிறது. நல்ல காரியத்துக்கு அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை.

திருநகர்க்காரி

———

அம்மா, வணக்கம்.

நீங்கள் தேடுகிற சொல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டு பழக்கத்தில் இருக்கிறது: ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனை நிறுத்தி, "நீ தேடுகிறவன் இன்ன ஊரில் இருக்கிறான், இன்ன வழியாகப் போ" என்று சொல்வது ஆற்றுப்படுத்தல். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு இந்த வகை. தமிழைச் சங்கம் வைத்து வளர்த்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுவது? 'ஆற்றுப்படுத்தற் பட்டியல்' என்று போடுங்கள்.

மேலூரான்

———

மேலூர் ஐயா, சொல் அழகுதான். ஆனால் 'ஆற்றுப்படுத்துநர்' இப்போது கவுன்சிலருக்குப் போய்விட்டது. குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஆளெடுக்கும் அரசு அறிவிப்புகளில் அந்தப் பதவிப் பெயரே வருகிறது. கேட்கிறவர்கள் காதில் 'ஆறு' விழுவதில்லை, மனத்தை ஆற்றுவதுதான் விழுகிறது. தாவரவியல் துறைக்கு ஆற்றுப்படுத்தற் பட்டியல் போனால், யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரிப்பார்கள்.

என்னைக் கேட்டால் ரீடைரக்ட் என்றே விட்டுவிடலாம். இல்லை என்றால் தமிழ் விக்கிப்பீடியா 'வழிமாற்று' என்று வைத்திருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதுசு அடிப்பதே நமக்கு வேலையாகிவிட்டது.

வாடிப்பட்டி

———

வாடிப்பட்டித் தம்பிக்கு,

'வழிமாற்று' மேல் எனக்குக் கோபம் இல்லை. என் தயக்கம் என்னவென்றால் இங்கே மாறியது வழி அல்ல, வீடு. மதுரையில் வழி மாறுவது என்றால் சித்திரைத் திருவிழா நினைவுதான் வரும்: மாசி வீதியில் தேர், பேருந்தெல்லாம் வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள், திருவிழா முடிந்ததும் பழையபடி ஓடும். எங்கள் பழைய முகவரிகள் பழையபடி ஆகப்போவதில்லை.

ரீடைரக்ட் என்றே விடலாம் என்பதற்கும் பதில் சொல்கிறேன். தாள் போகிற இடம் துறை அலுவலகம். அங்கே இருக்கிற அக்கா ஒருவரிடம் 'ரீடைரக்ட் லிஸ்ட்' என்று சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர்ல பாத்துக்குவாங்கல்ல" என்றார். சொல் புரியவில்லை என்பதால் அல்ல, அது தன் வேலை இல்லை என்று அந்தச் சொல்லே அவரிடம் சொல்லிவிட்டது. பழைய பக்கத்தில் இருந்தது எது, புதுத் தளத்தில் அது எங்கே போனது என்பது அவருக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

திருநகர்க்காரி

———

நான் இதுவரை இந்தக் குழுவில் வாய் திறந்ததில்லை. இதைப் படித்ததும் ஒன்று தோன்றியது.

புதுமண்டபத்தில் எங்கள் சித்தப்பாவுக்குத் தையல் கடை. திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம், தூணுக்குத் தூண் சிற்பம், நடுவில் தையல் மெஷின் சத்தம், வளையல், பாத்திரம், புத்தகம் என்று ஒரு தனி உலகம். சில வருடங்களுக்கு முன் அங்கே இருந்த கடைகளைப் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள் இல்லையா? சித்தப்பா செய்த முதல் வேலை ஒரு தகரப் பலகை எழுதினது. கடைப் பேர், 'குன்னத்தூர் சத்திரம்', தளம், கடை எண். அதன் கீழே பெயின்டர் தானாகவே ஒரு கையை வரைந்து, ஆள்காட்டி விரலை அந்தப் பக்கம் நீட்டி வைத்துவிட்டார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எழுத்தைப் படித்தார்களோ இல்லையோ, கை காட்டிய பக்கம் போய்விட்டார்கள்.

அதனால் 'கைகாட்டி' என்று வைத்தால் என்ன? ரோட்டு முக்கில் நிற்கிற கைகாட்டி எல்லோருக்கும் தெரியும். 'பழைய முகவரி புது முகவரிக்குக் கைகாட்டும்' என்று வினையாகவும் வரும்.

எழுகடல் தெரு

———

எழுகடல் அண்ணனுக்கு வரவேற்பு. சொல் பிடித்திருக்கிறது, ஆனாலும் ஓர் இடறல். கைகாட்டி சும்மா நிற்கும், நடக்க வேண்டியது நாம். ரீடைரக்ட் அப்படி இல்லை, அழுத்தின மாத்திரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. கைகாட்டியும் ஷேர் ஆட்டோவும் ஒன்றா?

வாடிப்பட்டி

———

தம்பி, நீ நிரலாளன், நீயே இதைக் கேட்கலாமா?

உலாவி, அதாவது நாம் தளம் பார்க்கிற குரோம் மாதிரியான செயலி, பழைய முகவரியில் போய்ப் பக்கத்தைக் கேட்கிறது. தளத்தை வைத்திருக்கிற கணினியான சேவையகம் என்ன செய்கிறது? 301 என்று ஓர் எண்ணையும் புது முகவரியையும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்த முகவரியை வாங்கிக்கொண்டு உலாவிதான் திரும்ப ஒரு நடை போய், புது வாசலில் நின்று, மறுபடி முதலிலிருந்து கேட்கிறது. கண்மூடித் திறப்பதற்குள் நடப்பதால் நமக்கு யாரோ தூக்கிக்கொண்டு போனது மாதிரி தெரிகிறது. ஆக, சேவையகம் செய்வது அச்சு அசலாகக் கைகாட்டுவதுதான். மேலூர் ஐயாவின் பாணனும் இதையேதான் செய்தான், கூடவே போகவில்லை. போகிறவரைத் தெருவில் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே போய்ச் சரக்கை எடுத்து வந்து கொடுக்கிற ஏற்பாடு வேறு, அதற்கு ப்ராக்சி என்று பெயர். அதற்குச் சொல் தேடுவது இன்னொரு நாள்.

கைகாட்டி என்ற சொல் வந்ததும் கையேட்டில் நான் சொல்லத் திணறிய பல விஷயம் தானாக எழுத வந்துவிட்டது. உதாரணமாக, பழைய பக்கம் அத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு புதுத் தளத்தின் முகப்புக்கே திருப்பிவிடும் பழக்கம். தளப்பெயர்ப்பில் நடக்கிற சோம்பேறித்தனங்களில் இதற்குத்தான் முதல் பரிசு. 2009 வினாத்தாளைத் தேடி வந்தவனைத் துணைவேந்தர் வாழ்த்துச் செய்தியில் கொண்டுபோய் இறக்கினால் அவன் என்ன செய்வான்? சித்தப்பா பலகையில் கடை எண் எழுதாமல் 'மதுரை' என்று மட்டும் எழுதிய கதை. தேடுபொறிகளும் இந்த மாதிரிக் கைகாட்டியைப் பெரும்பாலும் மதிப்பதில்லை, பக்கம் காணாமல் போனதாகவே வைத்துக்கொள்ளும். எனவே கையேட்டில் எழுதிவிட்டேன்: "ஒரு கைகாட்டிக்கு ஒரு பக்கம். போக்கிடம் இல்லாத பக்கத்துக்குக் கைகாட்டி வேண்டாம், இல்லை என்றே சொல்லிவிடலாம்." இல்லை என்று சொல்லவும் இரண்டு எண் உண்டு. 404 என்றால் இங்கே காணோம். 410 என்றால் இருந்தது, எடுத்துவிட்டோம், இனி வந்து பார்க்க வேண்டாம்.

அப்புறம், கைகாட்டிக்குக் கைகாட்டி. ஏற்கெனவே ஒருமுறை முகவரி மாறிய துறைகள் இருக்கின்றன. பழையது நடுவில் உள்ளதைக் காட்ட, அது புதியதைக் காட்டும். தாளில் நேராகக் கடைசி முகவரியையே எழுதச் சொல்ல வேண்டும். ஒன்றை ஒன்று மாறி மாறிக் காட்டிக்கொண்டால் போச்சு. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 20 நடை வரை நடந்து பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். நம் ஊரில் வழி கேட்டால் தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு பக்கம் கையைக் காட்டுவார்களே, அந்த அனுபவம்தான்.

திருநகர்க்காரி

———

கைகாட்டிக்கு நானும் கை தூக்கிவிட்டேன். ப்ராக்சி விஷயம் எனக்கே உறைக்கவில்லை, வெட்கம். ஒரு பாக்கி: 301 நிரந்தரம், 302 தற்காலிகம். பெயரில் வேறுபாடு தெரிய வேண்டும். 301-ஐ உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். தப்பாகப் போட்டுவிட்டுத் திருத்தினாலும் போனவர்களின் கணினியில் பழைய தப்பே ஓடிக்கொண்டிருக்கும். அக்கா, தேர்வுக் கட்டணப் படிவம் இருக்கிற பக்கங்களுக்கு 308 போடுங்கள். 301-இல் நிரப்பிய படிவம் பாதி வழியில் விழுந்துவிட வாய்ப்பு இருக்கிறது. 308-இல் படிவம் கையோடு போகும்.

வாடிப்பட்டி

———

ஆற்றுப்படை தோற்றதில் வருத்தம் உண்டு, ஆனால் தோற்றது நியாயமாகத்தான். தற்காலிகத்துக்கு ஒரு யோசனை.

கோயிலில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்வார்கள். மூலவரின் அருளை ஒரு சிறு இடத்தில் எழுந்தருளச் செய்து, பூசையெல்லாம் அங்கேயே நடக்கும். குடமுழுக்கு முடிந்தால் சாமி பழைய கருவறைக்குத் திரும்பிவிடும். கோயில் முகவரியை யாரும் மாற்றி எழுதுவதில்லை. உங்கள் 302 இதுவேதான் என்று எனக்குப் படுகிறது. பாலாலயத்துக்குத் தமிழில் இளங்கோயில் என்று பெயர். தேவாரப் பாடல் பெற்ற தலங்களில் மீயச்சூர் இளங்கோயில் என்றே ஒன்று உண்டு. அப்படியானால் 302 'இளங்கைகாட்டி'.

மேலூரான்

———

ஐயா, 'இளங்கைகாட்டி' என்றால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கைகாட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். நிலைக் கைகாட்டி, தற்காலிகக் கைகாட்டி என்றே இருக்கட்டும்.

ஆனால் நீங்கள் கொடுத்ததை விடப்போவதில்லை. புதுத் தளம் ஊருக்குத் திறக்கும்முன் எங்களுக்குள் மட்டும் பார்த்துத் திருத்த ஒரு நகல் தளம் வைத்திருக்கிறோம், ஸ்டேஜிங் என்போம். அதற்கு இன்றிலிருந்து 'இளந்தளம்'. திறப்பு விழாவைக் குடமுழுக்கு என்று எழுதலாமா என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்கிறார். அவருக்கு வேலை குறைவு.

அலுவலக அக்காவிடம் மறுபடி போனேன். "இது கைகாட்டி பட்டியல், பழைய பக்கம் எங்கே கைகாட்டணும்னு நீங்கதான் எழுதணும்" என்றேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எம்.பில். பக்கத்த எங்க காட்டுறது? அந்தப் படிப்பே இப்ப இல்லையே" என்றார். அந்தக் கேள்விக்குத்தான் நான் மூன்று வாரமாகக் காத்திருந்தேன்.

பார்க்க வருகிறவர்களுக்கான வாசகமும் முடிவு: "இந்தப் பக்கம் இடம் மாறிவிட்டது. புதிய இடம் இதோ." தாள் நாளைக் காலை போகிறது. தலைப்பு: கைகாட்டி பட்டியல்.

திருநகர்க்காரி

———

அம்மா, அனுப்பும்முன் ஒரு 'ப்' போடுங்கள். கைகாட்டிப் பட்டியல். பெயராகப் படித்தாலும் மிகும், வினையெச்சமாகப் படித்தாலும் மிகும், தப்பிக்க வழியே இல்லை.

மேலூரான்