வெளிநாட்டு வீட்டில் கணப்பு: முகப்புக்குக் கல் தேர்ந்தெடுக்கும் முன்

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். வட இங்கிலாந்தில் ஒரு கல் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். இப்போது குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துப் பழைய பங்களாக்களில் கணப்புகளை, அதாவது குளிர்காயும் சுவர் அடுப்புகளை, பழுதுபார்ப்பதுதான் தொழில். நம் மலைப் பிள்ளைகள் பலர் இங்கிலாந்திலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் வீடு வாங்கிவிட்டு, கூடத்தில் இருக்கும் கணப்பைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அதன் வாயைச் சுற்றி நிற்கும் முகப்புக்கு மார்பிள் போடலாமா, கிரானைட் போடலாமா, மரம் போதுமா?

நான் திருப்பிக் கேட்பது: அதற்குள் என்ன எரியப்போகிறது? இதற்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். மின்சாரக் கணப்பு என்றால் அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த முகப்புகூடப் போதும். காஸ் என்றால் அந்தக் கருவியின் கையேட்டில் எந்தப் பொருள் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். விற்பனையாளர் சொல்வதைவிட அதுதான் கணக்கு. விறகு என்றால் விஷயமே வேறு. கல்லிலேயே எல்லாக் கல்லும் ஆகாது. ஒன்றுமே எரியாது, அழகுக்கு மட்டும் என்றால் உங்கள் கண்ணுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

விறகுக் கணப்பில் முதலில் அடி வாங்குவது முகப்பு அல்ல, முன்னால் தரையில் கிடக்கும் தளக்கல். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் சமையலறை மேடைக்கு வாங்கி மிஞ்சிய கறுப்பு கிரானைட்டை ஒரே பலகையாகத் தளத்துக்குப் போட்டிருந்தார்கள். கண்ணாடிபோலப் பளபளவென்று இருந்தது. முதல் குளிர்காலம் முடிவதற்குள் விரிந்துவிட்டது. விறகுத் தாங்கியின் முன்கால் நிற்கும் இடத்தில் தொடங்கி வெளி விளிம்பு வரை மயிரிழை விரிசல். நின்று பார்த்தால் தெரியவில்லை. விரல் நகத்தை வைத்து இழுத்தபோது தட்டியது. ஈரத்துணியால் துடைத்ததும் கல்லின் மேற்பரப்பு உலர்ந்துவிட, விரிசல் மட்டும் ஈரம் குடித்துக் கறுத்து நின்றது. உள்பக்கம் சூடேறி விரிய, வெளிப்பக்கம் குளிர்ந்தபடியே இருக்க, ஒரே துண்டான கல்லுக்கு நகர இடமில்லை. அதனால் உடைகிறது. கல்லின் தரத்தில் குறை ஒன்றுமில்லை.

எனவே விறகோ நிலக்கரியோ எரிப்பதாக இருந்தால் கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: தளக்கல்லும், முகப்புக்கும் நெருப்புத் திறப்புக்கும் இடையில் வரும் உட்பக்கப் பலகையும் துண்டு துண்டாக வெட்டி, இடையில் இணைப்பு விட்டு, பின்னால் கான்கிரீட் நிரப்பித் தர வேண்டும். மார்பிள், கிரானைட், சிலேட் எதுவானாலும் இதே வழிதான். காஸுக்காகச் செய்த ஒற்றைப் பலகை விலை குறைவாக இருக்கும். அதை வாங்கி விறகு எரித்தால் மேலே சொன்ன கதைதான். நெருப்பை நேரடியாகத் தொடும் உட்சுவருக்குத் தீச்செங்கல்லும் அதற்கென்று உள்ள தீக்காரையும் வேண்டும். சாதாரண சிமெண்ட் வெப்பத்தில் பொடிந்து உதிரும்.

இனி கற்களைப் பற்றி. மார்பிள் பார்க்க அழகு. ஆனால் அது சுண்ணாம்புக் குடும்பம். புளிப்பு பட்டால் அரிக்கும், எண்ணெய் பட்டால் குடிக்கும். நம்மவர்கள் வீட்டில் கணப்பின் மேல்தட்டு பெரும்பாலும் சாமி மேடையாகிவிடுகிறது. முருகன் படம், குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ், கார்த்திகைக்கு வரிசையாக அகல். விளக்கின் அடியில் கசிந்த நல்லெண்ணெய் வெள்ளை மார்பிளில் மஞ்சள் வட்டமாக இறங்கினால் தேய்த்துப் போகாது. மஞ்சள்தூள் அதைவிட மோசம். மார்பிள்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் கறை தடுக்கும் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள், விளக்குக்குக் கீழே பித்தளைத் தாம்பாளம் வையுங்கள், துடைக்க எலுமிச்சையோ வினிகரோ எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் இப்போது எல்லோரும் விரும்பும் வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லுக்கும் இதெல்லாம் பொருந்தும். அது மார்பிளைவிட அதிகமாக உறிஞ்சும். புகைக்கரி படிந்தால் முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். ஈரத்துணியை வைத்தால் கரி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

விளக்கு ஏற்றும் வீட்டுக்கு என் பரிந்துரை சிலேட் அல்லது கிரானைட். சிலேட் கறுப்பும் சாம்பலுமாக இருக்கும், எண்ணெய் சிந்தினாலும் முகம் கோணாது. அடுக்கடுக்காகப் பிரியும் தன்மை உள்ளதால் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். கிரானைட் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கஷ்மீர் வைட் என்ற பெயரில் அங்கே விற்கும் கல்லே தமிழ்நாட்டில் வெட்டியதுதான்.

இன்னொரு கல்லை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை: மாக்கல். பாட்டி வீட்டில் வத்தக்குழம்பு வைத்த கல்சட்டி அதே கல். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கும். வெப்பத்தைத் தேக்கி மெதுவாக விடுவதால் பின்லாந்துக்காரர்கள் கணப்பையே மாக்கல்லில் கட்டுகிறார்கள். சூட்டுக்கு விரிசல் விடாது, புளிப்புக்கும் அசையாது. மென்மையான கல் என்பதால் கீறல் விழும், ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும். விலை கூடுதல்தான். இருந்தாலும் உண்மையாகவே விறகு எரித்துக் குளிர்காயப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கல் எனக்குத் தெரியாது.

எடையையும் யோசியுங்கள். ஒன்றரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் கனம் உள்ள மார்பிள் பலகை ஒன்றே சுமார் 60 கிலோ. மரத்தளம் போட்ட வீடுகளில் கீழே தாங்கும் சட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் கல் முகப்பு நிறுத்தக் கூடாது. கால்களையும் குறுக்குக் கல்லையும் சுவரோடு உலோகக் கொக்கி வைத்துப் பிணைக்க வேண்டும். பசையை நம்பி நிறுத்தினால், குழந்தை பிடித்து ஏறும் நாளில் ஆபத்து.

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கியவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: இருப்பதை உடைத்துப் போடாதீர்கள். லீட்ஸில் ஒரு தமிழ்த் தம்பதியின் வீட்டில், தடித்த வெள்ளைப் பெயிண்ட் அடித்த அசிங்கமான முகப்பு ஒன்றை எடுத்து எறிய ஆளை அழைத்துவிட்டார்கள். ஒரு மூலையில் பெயிண்டை நீக்கிப் பார்த்தோம். வெள்ளைக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே தவிட்டு நிறம், கடைசியில் கறுப்பு சிலேட். அந்தச் சிலேட்டின் மேல் மார்பிள் போலத் தெரிய வேண்டும் என்று விக்டோரியா காலத்து ஓவியக் கைவினைஞர் ஒருவர் தீட்டிய சிவப்பு நரம்புகள் அப்படியே இருந்தன. அது இன்றும் அந்த வீட்டில் நிற்கிறது.

நீங்களே சோதிக்கலாம். காந்தம் ஒட்டினால் வார்ப்பிரும்பு. மறைவான இடத்தில் ஒரு துளி வினிகர் விட்டு நுரைத்தால் மார்பிள் அல்லது சுண்ணாம்புக்கல்; நுரைக்காவிட்டால் சிலேட்டாகவோ மரமாகவோ இருக்கலாம், தட்டிப் பார்த்தால் ஓசை சொல்லிவிடும். ஆனால் பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈயப் பெயிண்டைத் தடை செய்ததே 1978-இல்தான். அதற்கு முந்தைய எந்தப் பூச்சிலும் ஈயம் இருக்கலாம். அடைத்து மூடிய கணப்பைத் திறக்கும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1999-இல். அதற்கு முன் அடைத்த பலகை அதுவாகவே இருக்கலாம். பரிசோதிக்காமல் சுத்தியலை எடுக்காதீர்கள். வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால், அனுமதியின்றிக் கணப்பை அகற்றுவது அங்கே குற்றம்.

அளவு விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் திறந்த விறகுக் கணப்பின் அடித்தளம் குறைந்தது 125 மில்லிமீட்டர் கனமும், முன்னால் 500 மில்லிமீட்டர் நீட்டலும், திறப்பின் இருபக்கமும் 150 மில்லிமீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் விதிப்படி, கட்டிய கணப்பின் திறப்பிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரம் வரக்கூடாது. 6-க்கும் 12-க்கும் இடையில் வைத்தால், திறப்பிலிருந்து தள்ளியிருக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் முன்னால் நீட்டலாம். எண்களை உள்ளூர் அலுவலகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் திருத்தம் இருக்கும்.

நம் பங்களாக்களைப் பார்த்து வளர்ந்த கண் இந்த இடத்தில்தான் ஏமாற்றும். இங்கே தேக்கு மேல்தட்டு நெருப்புக்கு மிக அருகில் இருக்கும், அடிப்பக்கம் கருகியும் இருக்கும், யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். சீகை விறகையும் கற்பூர மரத்தையும் பாதி ஈரத்தோடு போட்டு எரிப்போம். அங்கே அது நடக்காது. இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து சிறு அளவில் விற்கும் விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்றால் திறந்த கணப்பில் விறகே எரிக்க முடியாது. அனுமதி பெற்ற மூடிய அடுப்பு வேண்டும். அப்படி அடுப்பு வைப்பீர்களானால் முகப்பின் திறப்பு அளவே மாறும். அதனால்தான் எரிபொருளை முதலில் முடிவு செய்யச் சொல்கிறேன்.

கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கான எச்சரிக்கைக் கருவியைக் கல் வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள். மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்கி உயிரிழந்தவர்களைப் பற்றி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் எத்தனை செய்திகள் படித்திருக்கிறோம். புகைபோக்கியில் பறவை கூடு கட்டி அடைத்திருந்தாலும் அதேதான் நடக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆளை வைத்துச் சுத்தம் செய்யுங்கள். கனடாவில் விறகுக் கணப்பு உள்ள வீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும், விறகுக் கருவிகளை ஆய்வு செய்வதற்கான வெட் (WETT) சான்று பெற்றவரின் ஆய்வறிக்கையைக் கேட்கும்.

பாணி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், வீடே அதைச் சொல்லிவிடும். விக்டோரியா கால வீட்டில் வளைவுள்ள வார்ப்பிரும்பும் சிலேட்டும் மார்பிளும். அதற்கடுத்த எட்வர்ட் காலத்தில் இருபக்கமும் வண்ண ஓடு பதித்து மர மேலடுக்கு. 1930-களில் படிப்படியாக ஏறும் பழுப்பு ஓட்டுக் கணப்பு. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் பிடுங்கி எறிகிறார்கள், எனக்கு அது வருத்தம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் ஊட்டியில் ஸ்டோன்ஹவுஸ் கட்டத் தொடங்கியதும், அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியதும் அவர்கள் ஊர் நினைவில்தான். ஆனால் மலையில் எழுந்த பங்களாக்கள் பெரும்பாலும் இங்கே கிடைத்த கருங்கல்லாலும் செங்கல்லாலும் தேக்காலும் ஆனவை. அதனால்தான் அவை இங்கே ஒட்டிப்போயின. நீங்களும் போன ஊரின் கல்லைக் கேளுங்கள். யார்க்‌ஷயரில் மணற்கல், வேல்ஸில் சிலேட், வெர்மான்டில் மார்பிள், இண்டியானாவில் சுண்ணாம்புக்கல். உடைந்தால் ஒட்டுப்போட அதே கல் கிடைக்கும், சுவரோடும் சேர்ந்து நிற்கும்.

கேள்வி கேட்டவர்களுக்கு:

ஹாமில்டன் தங்கைக்கு: காஸ் கணப்பின் மேலே டிவி மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கையேட்டில் டிவிக்கு இடைவெளி கொடுத்திருந்தால் மட்டும். மேல்தட்டு கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தால் சூடான காற்றைத் தள்ளிவிடும், ஆனால் தட்டின் நீட்டலுக்கும் அதே கையேட்டில் வரம்பு உண்டு. தவழும் குழந்தை இருக்கிறது என்கிறீர்கள். முன்கண்ணாடி தொட்ட கணத்தில் தோல் உரியும் அளவுக்குச் சூடேறும். கம்பி வலைத் திரை இல்லாமல் பற்றவைக்காதீர்கள். தளக்கல்லின் விளிம்பை உருட்டித் தரச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கும் எடின்பரோ தம்பிக்கு, கணப்பை மாற்றலாமா என்று கேட்டீர்கள்: எதையும் தொடாதீர்கள். எழுத்தில் அனுமதி இல்லாமல் பெயிண்ட்கூட அடிக்க வேண்டாம்.

அரவேணு அண்ணனுக்கு, மகன் வீட்டுக்கு ஊரிலிருந்து தேக்குச் சட்டம் அனுப்பலாமா என்று கேட்டீர்கள்: பலகையாக அனுப்பினால் அந்த நாட்டின் மர இறக்குமதி விதிகளும் இங்கிருந்து அனுப்பும் விதிகளும் குறுக்கே வரும். முதலில் மகனிடம் மூன்று அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்: திறப்பின் அகலம், உயரம், திறப்பின் மேல்விளிம்பிலிருந்து தட்டு வரப்போகும் இடம் வரை உள்ள தூரம். மூன்றாவது அளவு ஓர் அடிக்குக் குறைவாக இருந்தால் மரத்தை மறந்துவிட்டு அதே இடத்தில் சிலேட் தட்டு போடச் சொல்லுங்கள்.