அப்பாவின் அருகில் எனக்கு ஏன் சலிப்பு வந்தது?

கேள்வி:
அப்பா நினைவில்லாமல் படுத்திருந்த 11 நாட்களும் நான்தான் கூட இருந்தேன். முதல் இரண்டு நாட்கள் அவருடைய இமை அசைந்தாலே எழுந்து நின்றுவிடுவேன். நான்காம் நாளிலிருந்து, மருத்துவர் "நாளை பார்க்கலாம்" என்று சொல்லும்போதெல்லாம் எரிச்சல். எட்டாம் நாள் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. குளுக்கோஸ் பாட்டிலின் குழாயில் சொட்டு திரள்வதையும், கனத்துத் தொங்குவதையும், அறுந்து விழுவதையும் எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு 20. எப்போதடா எழுந்து போவோம் என்றிருந்தது. பெற்ற தகப்பனின் அருகில் சலிப்பு வரலாமா? அப்பா நலமாகிவிட்டார். இந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

பதில் 1:
ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1929-30 விரிவுரைகளில் சலிப்பை மூன்று வகையாகப் பிரிக்கிறார். முதல் வகைக்கு அவர் காட்டுவது, சிறிய ரயில் நிலையத்தில் அடுத்த வண்டிக்கு நான்கு மணி நேரம் காத்திருக்கும் ஒருவரை. கடிகாரத்தைப் பார்க்கிறார், சாலையோர மரங்களை எண்ணுகிறார். நீங்கள் சொட்டுகளை எண்ணியதும் அதுவேதான். வண்டியைத் தரவேண்டிய நிலையம் அதைத் தராமல் வைத்திருக்கிறது. காலம் நகர மறுக்கிறது. இதில் அப்பா மீதான அன்பு எங்கே குறைந்தது?

பதில் 2:
ரயிலுக்கு நேரம் குறித்திருக்கிறது. இவருக்கு அது இல்லையே! குறள் 1269ஐப் பாருங்கள்: தொலைவு சென்றவர் திரும்பிவரும் நாளை மனத்தில் வைத்து ஏங்குபவருக்கு ஒரு நாள் ஏழு நாள்போல் நீள்கிறது. அங்கே 'வருநாள்' என்று ஒன்று இருக்கிறது. அதனால்தான் நாள் நீண்டும் ஏக்கம் வற்றவில்லை. எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தவரை உங்களிடமும் அப்படி ஒரு நாள் இருந்தது. வரவேண்டியது வரவில்லை என்றுதானே கோபம்? ஒவ்வொரு "நாளை பார்க்கலாம்" என்பதும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டது. எட்டாம் நாள் எதிர்பார்க்க எதுவும் மிச்சமில்லை.

பதில் 3:
என் கணவர் இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். எனக்குத் தத்துவம் தெரியாது. சலித்துப்போன நாட்களிலும் அவருக்கு வாய் துடைத்துவிட்டேன். நீங்கள் அன்று எழுந்து போனீர்களா?

கேட்டவர்:
போகவில்லை அம்மா. பாட்டில் தீர்ந்தால் செவிலியரைக் கூப்பிட வேண்டுமே என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பதிலைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் நாள் மாலை மருத்துவர், "நாளை மறுநாள் தூக்க மருந்தை நிறுத்துகிறோம்" என்றார். அன்றிரவு எனக்குச் சலிப்பே இல்லை. ஆனால் அந்த 11 இரவுகளில் அதுதான் மிக நீளமானது.